கப்பலுக்கு இரண்டு நாள் முன்னால்

இன்று காலை ரேஷன் சீனி வந்தது. தகர டப்பாவில் கொட்டுவதற்கு முன் அம்மா எட்டுக் கரண்டியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்தாள். பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, மேலே தட்டுப் போட்டு மூடினாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மெட்ராஸிலிருந்து கப்பல் கிளம்பிவிட்டது. அதில் என்னைப் பார்க்க மூன்றாவது மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

எட்டுக் கரண்டி சீனிக்கு ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி தண்ணீர். நீ சொன்ன அளவு. அளவை மறக்காத அம்மா, சொன்னவளைப் பற்றி இந்த நான்கு வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன மாதம் நீ செத்துப்போன செய்தி வந்தபோது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதனால்தான் எழுதுகிறேன். இது உன்னை வந்து சேராது என்று தெரியும். இந்தத் தீவில் உயிரோடு இருப்பவர்களுக்கே கடிதம் சரியாகச் சேர்வதில்லை.

முதல் மாப்பிள்ளை வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. நீயும் நானும் ஒரே வகுப்பில் பதினொன்றாவது முடித்திருந்தோம். டெலானிபூர் மேட்டில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், சரிவின் அடியில் உங்கள் தகர வீடு. வந்தவர்கள் மதுரைக்காரர்கள். மாப்பிள்ளையின் அத்தை என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். "எங்க பயலுக்கு இப்பத்தான் மீசை அரும்புது. பொண்ணு முந்திக்கிட்டாளே!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். பிறகு அவள் என் புடவைத் தலைப்பை ஒதுக்கி முழங்கை வரை பார்த்தாள். கத்தரிக்காயில் புழு ஓட்டை தேடுகிறவள் அப்படித்தான் பார்ப்பாள்.

அவர்கள் அடுத்த கப்பலில் போனார்கள். பதில் வரவில்லை. அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, முடியை நானே வேண்டுமென்று வளர்த்துக்கொண்டதைப் போல. அதன் பிறகு உன்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

மேட்டில் பெண் வைத்திருந்த எல்லா வீட்டுக்கும் உன்னைத் தெரியும். சீனியைப் பாகு காய்ச்சி முடியெடுக்கும் பழக்கம் உன் அம்மா வழிப் பெண்கள் வடக்கிலிருந்து கொண்டுவந்தது. உன் அப்பாவின் பூட்டனைச் சேலத்திலிருந்து விலங்கு பூட்டி இந்தத் தீவு ஜெயிலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதனால் உங்கள் வீட்டாருக்கு மேட்டில் ஒரே பெயர்: லோக்கல். உனக்கு 'லோக்கல் பொண்ணு'. உன்னிடம் முகத்தைக் கொடுத்தவர்கள் யாரும் உனக்கு முன்வாசலைக் கொடுத்ததில்லை. அம்மாவும் சமையலறைக் கதவைத்தான் திறந்தாள். கல்யாணப் பத்திரிகை ஒன்றுகூட உங்கள் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. வழித்து எடுத்தவள் பந்தியில் உட்கார்ந்தால் எதை வழித்தாள் என்று சம்பந்தி கேட்டுவிடுவாளே.

அன்று நீ என் கையைத் தூக்கிப் பார்த்தாய்.

"எத்தனை நாள் ஆச்சு?"

"எதுக்கு?"

"அரே, முடிக்கு. பிளேடு கிளேடு வச்சியா?"

அம்மா அப்பாவின் பிளேடால் ஒரு தடவை வழித்திருந்தாள். நான் சொன்னதும் உன் முகம் சுளித்தது. "இன்னும் பத்து நாள் விடு. அரிசி நீளம் வரணும். கம்மியா இருந்தா பாகு பிடிக்காது. ஜாஸ்தியா இருந்தா உனக்கு உயிர் போகும்."

பத்து நாள் கழித்து, மழை விட்ட ஒரு மத்தியானம் பார்த்து வந்தாய். மழை நாளில் காய்ச்ச மாட்டாய். இந்த ஊர்க் காற்றே பாதித் தண்ணீர், உருண்டை கையிலேயே அழுதுவிடும் என்பாய். அடுப்பைச் சிறிதாக வைத்து, நுரை அடங்கும்வரை பாத்திரத்தை விட்டு அசையவில்லை. "தேன் நிறத்துல இறக்கணும். கறுப்பு டீ மாதிரி ஆச்சுன்னா கல்லு, தூக்கிப் போடு." குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தாய். அப்புறம் ஆறவைத்தாய். நான் அவசரப்பட்டேன். நீ அவசரப்படவே இல்லை. ஆறியதில் ஒரு துளி எடுத்து உன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்தாய். "என் தோல் பொறுத்தாத்தான் உன் தோல்" என்றாய். பிறகு ஈரக் கையால் இழுத்து இழுத்து மடித்தாய். தேன் நிறம் வெளுத்து, பித்தளை நிறமாக வந்தது.

என் கையில் பௌடர் தடவினாய். முடி படுத்திருக்கும் திசைக்கு எதிராகப் பாகைத் தேய்த்தாய். இன்னொரு கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முடி படுத்திருக்கும் திசையிலேயே, தோலை ஒட்டினாற்போல் சடாரென்று இழுத்தாய்.

நான் கத்தினேன்.

"கத்தாதடி. ஜெயில் வரைக்கும் கேக்கும். எங்க பூட்டன்கூட இவ்வளவு கத்தியிருக்க மாட்டார்."

சிரிப்பில் எனக்கு வலி குறைந்தது. அது உன் தொழில் என்று பிறகு புரிந்தது. ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் இழுக்க மாட்டாய். பரு, கீறல், வெயில் சுட்ட இடம் எதையும் தொட மாட்டாய். ஒட்டி நின்ற பாகு வெறும் தண்ணீரில் கரைந்து போனது. ஈரத் துணியைக் கையில் சுற்றிவிட்டு, "இன்னைக்கு வெந்நீர் வேணாம், சோப்பு வேணாம், வெயில்ல போகாத. நாலு நாள் கழிச்சுப் பாசிப்பயறு மாவு தேய்ச்சுக் குளி, இல்லன்னா முடி உள்ளுக்குள்ளயே சுருண்டுக்கும். மூணு வாரம் நிம்மதி" என்றாய். என் கை சிவந்து, புள்ளி புள்ளியாகத் தடித்திருந்தது. "இது ரெண்டு நாள்ல போயிடும்."

அந்த இரண்டு நாள்தான் மேட்டு வீடுகளின் நாள்காட்டி. ஊரில் நாள் பார்ப்பார்கள், நட்சத்திரம் பார்ப்பார்கள். இங்கே கப்பல் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இறங்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் பாகு. முந்தினால் முடி முளைத்துவிடும், பிந்தினால் சிவப்பு மாறாது. மெயின்லேண்டுக் கரையில் எவனோ கப்பல் கயிற்றை அவிழ்க்கிற நேரத்தை வைத்து இங்கே எங்கள் தோலை உரித்தார்கள். அதில் எனக்கு அப்போதே ஆத்திரம் இருந்தது. ஆனாலும் கையை நீட்டினேன். அதைத் தவிர இந்தத் தீவிலிருந்து வெளியே போக எனக்கு வேறு டிக்கெட் இல்லை.

கப்பல் தேதி உனக்கு எல்லாருக்கும் முன்னால் தெரிந்துவிடும். எப்படி என்று நான் கேட்டதில்லை. இரண்டாவது மாப்பிள்ளைக்காக என் இடது கையில் நீ முடி எடுத்துக்கொண்டிருந்தபோது நீயே சொன்னாய்.

"கப்பல் டிக்கெட் கவுண்டர்ல ஒரு கடலூர்க்காரர் இருக்காரே, தெரியுமா?"

"கண்ணாடி போட்டவரா?"

"அவங்க அம்மா அப்பா இந்தக் கப்பல்லதான் வர்றாங்க. என்னைப் பாக்க" என்று சொல்லிக்கொண்டே இழுத்தாய்.

அந்த ஒரு இழுப்பு எனக்கு வலிக்கவே இல்லை.

"அவருக்கு மெட்ராஸ் டிரான்ஸ்ஃபர் வருது. தை மாசம் போயிடுவோம்னு சொல்றார்" என்றாய். உன் கழுத்து வரை சிவந்திருந்தது. "நீ ரயில் பாத்திருக்கேல்ல? சச் பதா, நெஜமாச் சொல்லு, உள்ள உக்காந்தா ஆடுமா?"

நான் ஆறு வயதில் இங்கே வந்தவள். ரயில் ஆடியதா என்று எனக்கு நினைவில்லை. ஆடும் என்று சொன்னேன். அன்று மேலுதட்டு முடியையும் நீ எடுத்து முடித்தாய். செவ்வாய்க்கிழமை. வியாழன் கப்பல்.

வியாழன் கப்பல் வரவில்லை. வங்கக் கடலில் புயல் என்று வயர்லெஸ்ஸில் செய்தி. வெள்ளி வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. வீட்டில் அம்மா காலையும் மாலையும் என் மேலுதட்டை விரலால் தடவிப் பார்த்தாள். ஒன்பதாம் நாள், "சொரசொரன்னு இருக்குடி" என்று உன்னைக் கூப்பிட்டாள்.

நீ பார்த்துவிட்டுத் தலையாட்டினாய். "இப்ப முடியாது அம்மா. அரிசி நீளம் வரல. பிடிக்காது. பௌடர் போட்டு உக்கார வைங்க, யாருக்கும் தெரியாது."

"தெரியாதா? போன தடவ வந்தவ கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சாம்?"

"இப்ப இழுத்தா முடி வராது, தோல்தான் வரும். நான் பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். மேட்டில் யாரிடமும் உன்னால் அப்படிப் பேச முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை துறைமுகத்தின் பக்கம் சங்கு ஊதியது. கப்பல். சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அம்மா உன் பாகு மிச்சம் இருந்த பாட்டிலைத் தேடி எடுத்தாள். இறுகிக் கல்லாகியிருந்ததை ஒரு கரண்டியில் பெயர்த்து ஸ்டவ்வில் காட்டினாள். உருகியது. அவள் மணிக்கட்டில் வைத்துப் பார்க்கவில்லை. ஆறவிடவில்லை. கரண்டியின் பின்பக்கத்தால் என் மேலுதட்டில் இழுத்துவிட்டாள்.

கொதிக்கிற எண்ணெய் பட்டால் வழிந்துவிடும். சீனிப்பாகு வழியாது. ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்து சுடும். உடனே தண்ணீரை ஊற்றியிருந்தால் கரைந்திருக்கும். அம்மா பயந்துபோய் அதைப் பிய்த்து இழுத்தாள். நீ சொன்னது நடந்தது. தோல்தான் வந்தது.

என் கத்தலில் நாலு வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். கையில் கரண்டியோடு நின்ற அம்மாவின் வாயில் வந்த முதல் வார்த்தை: "அந்த லோக்கல் பொண்ணு வச்ச பாகு."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அம்மா இன்றும் நினைப்பாள். பாகை நீதானே காய்ச்சினாய்.

மதியத்துக்குள் அந்தப் பேச்சு ஏறிப் படர்ந்தது. தமிழில் இரண்டு வீடு. அப்புறம் தெலுங்கு வீட்டுக்கும் வங்காளி வீட்டுக்கும் மலையாளி வீட்டுக்கும் ஹிந்தியில். "லோக்கல் லட்கீ நே ஜலா தியா." லோக்கல் பெண் சுட்டுவிட்டாள். ஹிந்தியில் போனால் இந்த ஊரில் மிச்சம் ஒரு காதும் இருக்காது. கடலூரிலிருந்து வந்து இறங்கிய தாயும் தகப்பனும் எங்களுக்கு மூன்றாவது குவார்ட்டர்ஸில்தான் தங்கியிருந்தார்கள்.

நான்கு மணிக்கு நீ வந்தாய். சமையலறைக் கதவுக்கு வெளியே நின்றாய். நான் பலகையில் உட்கார்ந்திருந்தேன், வாயின் மேல் ஈரத் துணி. சுற்றிலும் பெண்கள். அந்தக் கடலூர் அம்மாளும் ஓரமாக நின்றிருந்தாள், புதிய இடத்தில் கூட்டம் கூடினால் எட்டிப் பார்க்கிறவள் மாதிரி. நீ அவளை அடையாளம் கண்டுகொண்டாய் என்று உன் கைகளைப் பார்த்து எனக்குத் தெரிந்தது. முந்தானையில் அவற்றைச் சுற்றிக்கொண்டாய்.

"நான் நேத்தே முடியாதுன்னு சொல்லிட்டுத்தானே போனேன்" என்றாய்.

"கைதி வம்சத்துக்கு வாய் வேறயா?" என்றாள் அம்மா. "பிள்ளை மூஞ்சியப் பாருடி!"

நீ என்னைப் பார்த்தாய்.

"நீ சொல்லு. யார் வச்சது?"

நான் தரையைப் பார்த்தேன்.

வாய் வெந்திருந்தது, பேச முடியவில்லை என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். வாய்தான் வெந்திருந்தது. கழுத்து நன்றாகத்தான் இருந்தது, தலையை ஆட்டியிருக்கலாம். கை நன்றாகத்தான் இருந்தது, அம்மாவைக் காட்டியிருக்கலாம். அம்மாவுக்குப் பயந்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. உண்மை இதுதான்: நீ ரயில் ஏறப்போகிறாய், நான் இந்தப் பாறையிலேயே கிடக்கப்போகிறேன் என்று பத்து நாளாக எனக்குள் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. என் மாப்பிள்ளை வீட்டார் இந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் போகாத கப்பலில் நீ மட்டும் போக வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவு சின்னவள் நான். ஒரே கதவு உள்ள அறையில் இரண்டு பேரை அடைத்தால், ஒருத்தியை ஒருத்தி மிதித்துத்தான் ஏறுவார்கள். அறையைக் கட்டினவர்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் என்னை அதிலிருந்து விடுவிக்காது.

நீ முந்தானையிலிருந்து கையை எடுத்தாய். பிறகு சரிவில் இறங்கிப் போனாய்.

கடலூர்க்காரர்கள் உன் வீட்டுப் படி ஏறவே இல்லை. அதே கப்பலில் திரும்பினார்கள், என் மாப்பிள்ளை வீட்டாரும்தான். மேட்டில் எந்த வீட்டுச் சமையலறைக் கதவும் உனக்கு அதன் பிறகு திறக்கவில்லை. ஆறு மாதத்தில் லாங் ஐலண்டில் மரம் அறுக்கிற ஒருவருக்கு உன்னைக் கொடுத்தார்கள். மெட்ராஸ் போக வேண்டியவளை இன்னும் சின்னத் தீவுக்கு அனுப்பினார்கள்.

அதன் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். அபர்தீன் பஜாரில் மண்ணெண்ணெய் டின்னோடு நின்றாய். நான் திரும்பிப் போய்விடப் பார்த்தேன். நீ கூப்பிட்டாய். என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாய், அந்த மதுரை அத்தை செய்த அதே மாதிரி. ஆனால் நீ பார்த்தது வேறு.

"தழும்பு மங்கிடுச்சு. வெயில் படாம பாத்துக்கோ, இல்லன்னா கறுத்துடும்" என்றாய்.

"அங்க எப்படி இருக்கு?"

"டீக் ஹை, பரவாயில்ல. நடந்தா ஒரு மணி நேரத்துல ஊர் முடிஞ்சிடும். திரும்பி நடக்கணும்." சிரித்தாய். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

போன மாதம் உன் ஊரிலிருந்து வந்த படகுக்காரர் சொன்னார். ஐந்தாம் மாதத்தில் உதிரம் நிற்கவில்லை. கடல் கொந்தளிப்பு, மூன்று நாள் படகு இல்லை. நான்காம் நாள் படகு வந்தது.

இன்று காலை அம்மா அந்தக் கிண்ணத்தை மூடி வைத்ததைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் நிற்க முடியவில்லை. கப்பல் டிக்கெட் கவுண்டருக்குப் போனேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நின்றேன். அதே கண்ணாடிக்காரர்தான். சிதம்பரம் பக்கத்துப் பெண்ணைக் கட்டி, இரண்டு குழந்தை. டிரான்ஸ்ஃபர் இன்னும் வரவில்லை. தினமும் ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அவரும் இங்கேயேதான் இருக்கிறார்.

"எத்தனை டிக்கெட்?" என்றார்.

"டிக்கெட் வேணாம். நாலு வருஷம் முன்னால எங்க வீட்டுல என் முகம் வெந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இருக்குங்க."

அதற்கு மேல் நான் தமிழில் பேசவில்லை. ஹிந்தியில் சொன்னேன், உரக்க. எந்த மொழியில் உன் பெயர் கெட்டதோ அதே மொழியில். "உஸ்நே நஹீன் லகாயா. மேரீ மா நே லகாயா." அவள் வைக்கவில்லை, என் அம்மாதான் வைத்தாள். அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனவள். கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் கிட்டே நெருங்கினார்கள்.

"தமிழ்ல சொல்லுங்க, மெதுவா" என்றார் அவர். "இத்தனை பேர் இருக்காங்க."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "நான் அன்னிக்கே அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்மா வேணாம்னாங்க, சரின்னுட்டேன்" என்றார். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒருத்தி செத்துப்போனது, ஊருக்கெல்லாம் கப்பல் விவரம் சொல்கிறவருக்குத் தெரியவில்லை.

"மர் கயீ" என்றேன். செத்துப்போய்விட்டாள்.

அவர் கவுண்டரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

இன்று சாயங்காலத்துக்குள் இது மேட்டுக்கு வந்துவிடும். அம்மாவின் காதுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை இறங்கப்போகிறவர்களுக்கும் யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். அவர்கள் திரும்பிப் போனால் நான் இன்னும் எத்தனை வருடம் இங்கே கிடப்பேன் என்று தெரியவில்லை. நான் விடுதலையாகிவிட்டதாக உனக்கு எழுத மாட்டேன். கதவு எதுவும் திறக்கவில்லை. உன்னை மிதித்துக்கொண்டிருந்த காலை மட்டும் எடுத்திருக்கிறேன், அதுவும் நீ போன பிறகு. பிந்திப்போனது என்னோடு இருக்கும்.

கவுண்டரை விட்டு நகர்ந்தபோது எனக்குப் பின்னால் குடையோடு நின்ற வங்காளிப் பெரியவர் கேட்டார்: "கோன், பேட்டீ? கிஸ்கீ பாத் ஹை?" யாரம்மா, யாரைப் பற்றிச் சொல்கிறாய்?

நான் நின்றேன். 'லோக்கல் பொண்ணு' என்றால் அவருக்குச் சட்டென்று விளங்கியிருக்கும். நான் உன் பெயரைச் சொன்னேன். உன் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெண்ணுக்குக் காதில் விழவில்லை, கழுத்தை நீட்டினாள். இன்னொரு முறை, அவளுக்கும் கேட்கும்படி சொன்னேன்.